ஒரு செய்யுளைப் பிரித்துப் படிப்பது எப்படி

"இக்குறளில் பயின்று வந்துள்ள அணி யாது?" என்ற கேள்விக்குப் பழகிப்போனவர்கள் செய்யுளைப் பார்த்ததும் 'போல' என்ற சொல்லைத்தான் தேடுவார்கள். இருந்தால் உவமை. இல்லையென்றால் உருவகம். ஒரே சொல் நான்கைந்து முறை வந்தால் பின்வருநிலை. இந்தக் குறுக்குவழியில் மதிப்பெண் கிடைக்கலாம், பாட்டு பிடிபடாது. அணியின் பெயர் வேலை முடிந்தபின் ஒட்டவேண்டிய சீட்டு. அதற்கு முன் சொற்களைப் பிரிக்கவேண்டும், வாக்கியத்தை நேராக்கவேண்டும், அசை பிரித்து அலகிடவேண்டும், ஓசை எங்கெங்கே ஒன்றுகிறது என்று பார்க்கவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு இடத்திலும் இடறும்.

நோட்டில் பாட்டின் ஓர் அடியை எழுதி, அதன்கீழ் நான்கு வரி இடம் விட்டு அடுத்த அடியை எழுதுங்கள். பென்சில் போதும், எப்படியும் அழித்துத் திருத்தவேண்டி வரும். பழகுவதற்குக் குறளைவிட வசதியான பாட்டு இல்லை. முதலடியில் 4, இரண்டாமடியில் 3 என மொத்தம் ஏழே சீர் (ஓசைக்காக அடியைப் பிரிக்கும் துண்டு). தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும். பத்தாவது குறளை எடுத்துக்கொள்வோம்:

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்.

முதலில் சொல்லும் வாக்கியமும்

சீர் வேறு, சொல் வேறு. 'அடிசேரா தார்' என்று அச்சில் இடைவெளி இருப்பதைப் பார்த்து, 'தார்' என்றால் மாலை என்று பொருள் எழுதியவர்கள் உண்டு. இங்கே இருப்பது 'அடி சேராதார்' என்பதுதான். ஓசைக்காக ஒரு சொல்லை நடுவில் வெட்டி இரண்டு சீர்களில் போடுவதற்கு வகையுளி என்று பெயர். முதல் வரிக்குக் கீழே சொல் பிரித்த வடிவத்தை எழுதுங்கள்: பிறவிப் பெருங்கடல் / நீந்துவர் / நீந்தார் / இறைவன் அடி / சேராதார்.

அடுத்து எழுவாய் எது, பயனிலை எது என்று தேடுங்கள். நீந்தார் யார்? இறைவன் அடி சேராதார். நீந்துவர் யார்? பாட்டில் பதில் இல்லை. 'சேர்ந்தார்' என்ற சொல்லை நாம்தான் வருவித்துக்கொள்ள வேண்டும்; இதைச் சொல்லெச்சம் என்பார்கள். வருவிக்காமல் மேலே போனால் 'நீந்துவர் நீந்தார்' என்பது நீந்துவார்களா மாட்டார்களா என்ற குழப்பமாகவே நிற்கும். உரையைத் திறப்பதற்கு முன் இந்த இடைவெளியை நீங்களே கண்டுபிடித்தால், உரையாசிரியர் எதற்காக அத்தனை நீளமாக எழுதுகிறார் என்பது புரியத் தொடங்கும்.

அலகிடுதல்

சீரைக் குறில், நெடில் பார்த்து அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்வதுதான் அலகிடுதல். விதி சின்னதுதான். தனிக் குறில், தனி நெடில், இவை ஒற்றோடு வந்தாலும் நேரசை. குறிலிணை, குறில்நெடில், இவை ஒற்றோடு வந்தாலும் நிரையசை. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். இவற்றின் பின்னால் இன்னொரு நேர் வந்தால் காய், நிரை வந்தால் கனி. குறளும் வெண்பாவில் ஒரு வகைதான்; வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகள்.

நம் குறள் இப்படி வரும்:

பிற/விப் – புளிமா
பெருங்/கடல் – கருவிளம்
நீந்/துவர் – கூவிளம்
நீந்/தார் – தேமா
இறை/வன் – புளிமா
அடி/சே/ரா – புளிமாங்காய்
தார் – நாள்

இனி தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம், பாருங்கள். வெண்பாவில் மாவுக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும், விளத்துக்கு அடுத்தது நேரில், காய்க்கு அடுத்ததும் நேரில். வேறு எதுவும் வரக்கூடாது. பிறவி (மா), அடுத்தது பெருங் (நிரை): சரி. கடல் (விளம்), நீந் (நேர்): சரி. முதலடியின் கடைசிச் சீரிலிருந்து இரண்டாமடியின் முதல் சீருக்கும் பார்க்கவேண்டும், பலர் மறப்பது இதைத்தான். நீந்தார் (மா), இறை (நிரை): சரி.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டால், இது ஒரு சோதனைக் கருவி. 'இறைவன் அடிசேராதார்' என்று சேர்த்து அச்சிட்ட புத்தகம் கையில் இருந்தால் ஏழு சீர் ஆறாகிவிடும், அதில் ஒன்று அடி/சே/ரா/தார் என்று நாலசையாக நிற்கும். உடனே சந்தேகம் வரவேண்டும். தளை தட்டினால் வள்ளுவர் தவறியிருப்பார் என்று எண்ணாதீர்கள். நாம் அசை பிரித்ததில் பிழை இருக்கும், அல்லது படிப்பவர் வசதிக்காகச் சீர் குலைத்து அச்சிட்டிருப்பார்கள்.

அசை பிரிப்பதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் நான்கு.

'முதல' என்பதை மு/தல என்று பிரிப்பது முதல் தவறு. சீரின் தொடக்கத்தில் ஒரு குறில் வந்து, அதன்பின் ஒற்று இல்லாமல் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்தே தீரும். முத/ல, புளிமா.

ஒற்றை எண்ணுவது இரண்டாவது. 'துப்பார்க்குத்' என்பதில் ர், க் என இரண்டு ஒற்று அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுமே முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்: துப்/பார்க்/குத். ஒற்றுக்குத் தனியாக அலகு கிடையாது.

மூன்றாவது ஐகாரம். சீரின் முதலில் வந்தால் நெடிலாகவும், மற்ற இடங்களில் குறுகிக் குறிலாகவும் கொள்வது வழக்கம். 'அன்னையர்' என்பது அன்/னையர் என்று கூவிளமாகும். ஐயை நெடிலாக வைத்தால் அன்/னை/யர் என்று தேமாங்காயாகித் தளை மாறிவிடும்.

நான்காவது குற்றியலிகரம், அதாவது குறுகி ஒலிக்கும் இகரம். இது அடிக்கடி வராது, வந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்' என்ற பாடத்தில் முதல் சீர் குழ/லினி, கருவிளம். விளத்துக்கு அடுத்து நேர் வரவேண்டும். ஆனால் 'தியா' என்று படித்தால் நிரை வந்து தளை தட்டுகிறது. அங்குள்ள 'தி'யின் இகரம் குற்றியலிகரம். அதை அலகு பெறாததாகத் தள்ளி யா/ழினி என்று கொண்டால் கூவிளம், தளையும் சரியாகிவிடும். இதையே 'குழலினிது யாழினிது என்பதம்' என்று பிரித்து அச்சிட்டால் முதல் இரண்டும் காய்ச்சீராகி, அப்போதும் தளை தட்டாது. எந்தப் பாடத்தை வைத்து அலகிடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

ஓசை ஒன்றும் இடங்கள்

மோனை முதலெழுத்து ஒன்றுவது, எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது இரண்டு நிபந்தனைகள்.

எதுகைக்கு முதலெழுத்தின் அளவு ஒத்திருக்கவேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டு – கட்டு எதுகை. பட்டு – பாட்டு எதுகை ஆகாது. நம் குறளில் பிறவி – இறைவன்: பி, இ இரண்டும் குறில், ற் என்ற மெய் ஒன்றுகிறது. சரியான அடியெதுகை. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளின் அடுத்த அடி 'கற்றனைத் தூறும் அறிவு'; தொட் – கற் என்று வருகிறதே, ட்டும் ற்றும் வேறல்லவா? இரண்டும் வல்லினம். இனம் ஒத்தாலும் எதுகைதான். இன எதுகை என்று எழுதவேண்டும்.

மோனைக்கு அதே எழுத்துதான் வரவேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் ஒன்றுக்கொன்று மோனையாகும். அதனால் 'பிறவிப் பெருங்கடல்' என்பதில் பி – பெ மோனை. இது தெரியாதவர் "இந்த அடியில் மோனை இல்லை" என்று எழுதிவிடுவார்.

எந்தச் சீர்களில் வந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்: 1, 2 இணை, 1, 3 பொழிப்பு, 1, 4 ஒரூஉ, 1, 2, 3 கூழை, 1, 3, 4 மேற்கதுவாய், 1, 2, 4 கீழ்க்கதுவாய், நான்கிலும் வந்தால் முற்று. கதுவாய் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: விடுபட்ட சீர் மேலே, அதாவது அடியின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் (2) இருந்தால் மேற்கதுவாய், கீழே, முடிவுக்குப் பக்கத்தில் (3) இருந்தால் கீழ்க்கதுவாய். 'இன்பம் விழையான் இடும்பை இயல்பென்பான்' என்ற அடியில் இரண்டாம் சீரில் மட்டும் மோனை இல்லை. ஆகவே மேற்கதுவாய்.

பெயரை எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் குறளின் அடுத்த அடி 'துன்பம் உறுதல் இலன்'. இன்பம் – துன்பம் எதுகையாகவும் இருக்கிறது, முரணாகவும் இருக்கிறது. எதிரெதிரான இரண்டு பொருளை ஒரே ஓசையில் கட்டியிருக்கிறார். இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாகப் பார்ப்பவனைப் பற்றிய பாட்டில் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கின்றன. மோனை, எதுகை, முரண் போன்ற தொடையைப் பற்றி எழுதத் தகுந்தது இதுதான். மேற்கதுவாய் என்ற பெயர் அடையாளத்துக்கு மட்டும்.

எழுத்து தன் அளவைவிட நீண்டு ஒலிக்கும் அளபெடையையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் / துப்பாய தூஉம் மழை.' உகரம் ஏன் நடுவில் நிற்கிறது? அதை எடுத்துவிட்டு 'தூம்' என்று அலகிடுங்கள். ஒரே நேரசை, சீராகாது. தூ/உம் என்றால் தேமா; அடுத்த மழை நிரை; தளை பொருந்துகிறது. ஓசை குறையும் இடத்தை நிறைக்க வந்த அளபெடை இது. சொல் உண்மையில் 'துப்பாயதூஉம்', அதாவது 'துப்பாயதும்' என்பது. இங்கும் வகையுளி.

அணி

உவமை என்று எழுதும் முன் நான்கு உறுப்பையும் தனித்தனியே எழுதுங்கள்: உவமானம் (ஒப்பாகக் காட்டும் பொருள்), உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), பொதுத்தன்மை, உருபு ('போல' போன்ற சொல்). 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்றால் உவமானம் வெறும் நிலம் அல்ல, தன்னைத் தோண்டுபவனையே தாங்கி நிற்கும் நிலம். இந்த அடைமொழியை விட்டால் உவமையின் பாதி போய்விடும். இகழ்பவர் நமக்குள் தோண்டுகிறார், நம்மேல்தான் நிற்கிறார் என்ற இரண்டும் அந்த அடைமொழியில்தான் இருக்கின்றன.

'போல' தேடும் பழக்கம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். 'வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' என்பதில் 'போல' இல்லை. ஆனால் 'அற்று' உவம உருபுதான். பாறை நிலத்தில் பட்டமரம் தளிர்ப்பது உலகில் நடக்காத ஒன்று என்பதால் இது இல்பொருள் உவமை. அன்ன, ஒப்ப, புரைய, நேர, இன்ன என்ற உருபுகளையும் கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் கொடி 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று வருகிறது. 'போல்' இருக்கிறது, உவமை இல்லை. காற்றில் கொடி அசைவது இயல்பு. வராதீர்கள் என்று கோவலனையும் கண்ணகியையும் அது தடுப்பதாகக் கவிஞர் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். தற்குறிப்பேற்றம். கேட்டுப்பார்க்க வேண்டிய கேள்வி: இரண்டு பொருளை ஒப்பிடுகிறாரா, அல்லது இயல்பாக நடக்கும் ஒன்றுக்குப் புதுக் காரணம் கற்பிக்கிறாரா?

உருபு இல்லாமல் இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று விளக்கினால் எடுத்துக்காட்டு உவமை: மணற்கேணியும் அறிவும். உவமானத்தை மட்டும் சொல்லி, உவமேயத்தைச் சொல்லாமலே விட்டால் பிறிது மொழிதல்: மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை மட்டும் சொல்கிற 'பீலிபெய் சாகாடும்'.

உவமைத்தொகையும் உருவகமும் குழம்பும்போது சொல்லின் வரிசையைப் பாருங்கள். உவமானம் முன்னால் வந்தால் (தாமரைமுகம்) தொகையில் மறைந்த உவமை. உவமேயம் முன்னால் வந்தால் (முகத்தாமரை) உருவகம். பிறவிப் பெருங்கடல் இரண்டாம் வகை. இங்கே இன்னும் ஒரு படி போகவேண்டும். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. ஒன்றை உருவகம் செய்து, அதோடு சேர்ந்த மற்றொன்றைச் செய்யாமல் விட்டதால் இது ஏகதேச உருவகம். வெறும் 'உருவகம்' என்று எழுதினால் பாதி பதில்தான்.

பின்வருநிலையில் பொருளைத் தீர்மானிக்காமல் பெயர் சொல்லவே முடியாது. 'துப்பு' என்பது திரும்பத் திரும்ப உணவு என்ற ஒரே பொருளில் வருகிறது என்று கொண்டால் சொற்பொருள் பின்வருநிலை. துப்பாய என்பதற்கு மட்டும் வலிமை, நன்மை என்று வேறு பொருள் கொண்டால் சொல் பின்வருநிலை. எந்த உரையைப் பின்பற்றுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பெயரை எழுதுங்கள்.

சிலேடைக்கு எளிய சோதனை, சொல்லை வெட்டிப் பார்ப்பது. காளமேகம் பாம்பையும் எள்ளையும் சேர்த்துப் பாடிய வெண்பாவில் 'பிண்ணாக்கு' வருகிறது. எள்ளுக்கு அது செக்கில் கிடைக்கும் பிண்ணாக்கு. பாம்புக்குப் பிளந்த நாக்கு. வெட்டினால்தான் இரண்டாம் பொருள் வருகிறது என்பதால் பிரிமொழிச் சிலேடை. வெட்டாமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை.

ஓர் அணி அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை அறிய அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே / நாவினாற் சுட்ட வடு.' இதை வேற்றுமை அணி என்பார்கள், சரி. இரண்டுக்கும் 'சுட்ட' என்ற ஒரே வினையைக் கொடுத்து ஒப்பாக்கிவிட்டு, அதன்பின் பிரிக்கிறார். இப்போது 'வடு' இருக்கும் இடத்தில் 'புண்' என்று போட்டுப் படியுங்கள். இலக்கணம் கெடவில்லை, ஆனால் என்னவோ போய்விட்டது. புண் என்றால் ஆறும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லிலேயே உண்டு. வடு ஆறியபின் மிஞ்சும் தழும்பு, அதற்கு ஆறுதல் என்ற பேச்சே கிடையாது. நாக்கு சுட்டதை அவர் முதலிலிருந்தே வடு என்று எழுதிவிட்டார். "அணி பாட்டுக்கு அழகு சேர்க்கிறது" என்ற வாக்கியத்தைத் தேர்வுத்தாளிலும் கட்டுரையிலும் எழுதவே எழுதாதீர்கள். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தப் பாட்டையும் பற்றியது அல்ல.

சங்கப் பாட்டுக்கு வந்தால்

அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளோடு சங்கப் பாடலுக்குள் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரும். தொல்காப்பியம் உவமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குத் தனியாக உவமவியல் வகுக்கிறது. அதைவிட முக்கியம் உள்ளுறை: தெய்வம் நீங்கலான கருப்பொருள்கள், அதாவது மரம், மீன், பறவை, விலங்கு, சொல்லாத ஒன்றுக்கு உவமையாக நிற்பது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

முதலில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இது பரத்தை கூற்று, அதாவது தலைவன் மனைவியைவிட்டு நாடிச்செல்லும் பெண்ணின் பேச்சு. கூற்றைத் தவறாக எடுத்தால் மேற்கொண்டு எல்லாமே தவறு. அடுத்துத் திணை: வயல், மா, வாளை, மருதம், ஊடலுக்கு உரிய நிலம். வெளிப்படை உவமை கண்ணாடிப் பிம்பம்: முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்கும், தனக்கென்று ஓர் அசைவு கிடையாது. மனைவி முன் அவன் அப்படி.

உள்ளுறை முதல் இரண்டு அடியில் இருக்கிறது. மேலோட்டமாக அது ஊருக்கு வருணனை. கழனியோரத்து மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்விக்கொள்கிறது. வாளை மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவுமில்லை. நான் அவனைத் தேடிப்போகவில்லை, அவனாக வந்தான் என்பதுதான் பரத்தை சொல்லாமல் சொல்வது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியல் போடுங்கள்: இடப்பக்கம் மரம், பழம், வாளை, வலப்பக்கம் அவன் வீடு, அவன், அவள். வினைகளையும் எதிரெதிரே எழுதுங்கள்: உகுதல் – தானே வருதல், கதுவுதல் – ஏற்றுக்கொள்ளுதல். வினை பொருந்தவில்லையென்றால் உள்ளுறை என்று வலிந்து சொல்லவேண்டாம், வெறும் வருணனையாகவே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கொக்குக்கும் மீனுக்கும் உட்பொருள் காண்பது தொடக்கநிலை மாணவர்களைவிட, கொஞ்சம் படித்தவர்களிடம் அதிகம் காணும் கோளாறு.

கடைசிச் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். 'மனைவிக்கே' என்று சொல்லவில்லை. 'தன் புதல்வன் தாய்க்கே'. பிள்ளைக்குத் தாய் என்ற முறையில்தான் அவளுக்கு அந்த வீட்டில் இடம் என்ற குத்தல் அதில் கேட்கிறது. இதற்கு அணி நூலில் பெயர் தேடவேண்டாம். சொல் தேர்வு என்றே எழுதலாம்.

பாரதிக்கும் பின்னால் வந்த கவிதைகளுக்கும்

இங்கே அலகிடுதல் பல நேரம் உதவாது. இயைபும் குறியீடும் படிமமும் உதவும். 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' பாட்டில் கண்டேன், வைத்தேன் என்று இறுதி ஓசை ஒன்றுவது இயைபு. அக்கினிக் குஞ்சு குறியீடு. உருவகத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதில் சோதித்துப் பார்க்கலாம். பிறவிப் பெருங்கடலில் எது கடல் என்று பாட்டே சொல்லிவிடுகிறது. அக்கினிக் குஞ்சு எது என்று பாரதி சொல்லவில்லை. விடுதலை வேட்கை, அறிவு, கவிதை என்று எதை வைத்தாலும் காடு வெந்து தணிகிறது. ஆகவே "அக்கினிக் குஞ்சு என்பது விடுதலையைக் குறிக்கும்" என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதாமல், "விடுதலை வேட்கையாகக் கொள்ள இடமுண்டு, 'வீரத்தில்' என்ற சொல் அதற்குச் சான்று" என்று எழுதுங்கள். சான்றுச் சொல்லைக் காட்ட முடியாத பொருளை எழுதவேண்டாம்.

படிமத்துக்குச் சோதனை: கண்ணை மூடினால் ஏதாவது தெரிகிறதா, கேட்கிறதா, தொடுகிறதா? தெரிந்தால் எந்தச் சொல்லால் தெரிந்தது என்று அடிக்கோடிடுங்கள். பெரும்பாலும் அது பெயரடையாக இருக்காது, வினையாகத்தான் இருக்கும்.